கேவனா பாலத்தின் மறுபாதி

ஜூலை 4, செவ்வாய்

தாமரைக்கு ஆதாரம் வேண்டுமாம். சரி, கொடுத்துவிடுவோம்.

ஏப்ரல் மாத விவகாரத்துக்குப் பிறகு நான் தனியாக வெளியே போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பக்கவாதம் என்கிற சொல்லை இந்த வீட்டில் என் மகள் தாமரைதான் பயன்படுத்துகிறாள். எனக்குக் கையும் காலும் ஒழுங்காக வேலை செய்கின்றன, வாயும்தான். ஆகஸ்ட் இறுதியில் மருத்துவர் மறுபடி பார்ப்பாராம். பார்த்த கையோடு இந்தத் தோ பாயோ வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் பொங்கோலுக்குப் போய் அவள் குடும்பத்தோடு இருக்க வேண்டும். இது தாமரையின் திட்டம். எனக்கென்று ஓர் அறைக்கு வண்ணமும் பூசிவிட்டாள். இளம் பச்சை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்க தனியா சமாளிப்பீங்கன்னு நான் எதை வெச்சும்மா நம்புறது? வெறும் வாய்ல சொன்னா ஆச்சா?" என்று நேற்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். விடைத்தாளைப் பார்க்காமல் எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் போட்டதில்லை. ஆகவே என் விடைத்தாளை நானே எழுதப் போகிறேன்.

சமூக மன்றத்து மூத்தோர் புகைப்படக் குழுவில் திரு. ஓங் ஆளுக்கொரு பாலத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்தது கேவனா பாலம், சிங்கப்பூர் ஆற்றின் குறுக்கே இருக்கும் பழைய தொங்கு பாலம். அதையே வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துப் பத்துப் படம் தர வேண்டும். நான் தனியாக ரயிலேறிப் போய், பத்தையும் எடுத்து, தனியாகத் திரும்பி வருவேன். பிறகு தாமரை முன்னால் வரிசையாக அடுக்கி வைப்பேன். அதுவரை அவளிடம் மூச்சு விடுவதாக இல்லை.

இந்த வீட்டை விடுவதாகவும் இல்லை.

ஜூலை 7, வெள்ளி

போனேன். வந்தேன்.

தோ பாயோவிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு ரயில் மாற வேண்டியதில்லை. இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தால் பாலம். அதன் வாசலில் வெள்ளைக்காரன் காலத்துக் காவல்துறை அறிவிப்பு இருக்கிறது. பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா அழைத்துவந்த நாள்களிலேயே எனக்கு மனப்பாடம். பாரவண்டிகள் ஏறக்கூடாது, மாடுகளும் குதிரைகளும் ஏறக்கூடாது. எழுபது வயதுப் பெண்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏறினேன்.

தொங்கு பாலம் என்றால் என்ன என்று அன்றைக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். எடுத்துக்காட்டாக, துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருப்பதால்தான் நடுவில் ஈரப் புடைவையைப் போட முடிகிறது. கேவனாவில் கயிற்றுக்குப் பதிலாகச் சாய்ந்து இறங்கும் இரும்புப் பட்டைகள். விஷயம் அதேதான்.

போட் கீ என்னும் பழைய படகுத்துறைப் பக்கம் நின்று முதல் படம் எடுத்தேன். ஃபுல்லர்டன் கட்டடத்தின் தூண்கள், பாலத்தின் வாசல் வளைவு, இரும்புப் பட்டைகள், கீழே பச்சைத் தண்ணீர். எல்லாம் விழுந்திருக்கின்றன.

கரையில் ஆற்றுக்குள் குதிக்கும் வெண்கலச் சிறுவர்கள் இருவர். முன்பு ஐந்து பேர் என்று நினைவு. மற்றவர்களைப் பழுதுபார்க்க எடுத்துப் போயிருக்கலாம்.

ஜூலை 8, சனி

நாளிதழில் வாக்கியங்கள் தலையில்லாமல் தொடங்குகின்றன. பிழைதிருத்த இப்போதெல்லாம் ஆள் வைப்பதில்லை போலிருக்கிறது.

ஜூலை 12, புதன்

இன்று ஆண்டர்சன் பாலத்தின் மேல் நின்று கேவனாவை எதிர்த்திசையிலிருந்து எடுத்தேன். இங்கிருந்து பார்த்தால் அருங்காட்சியகம் இருக்கும் கரை அழகாக விழுகிறது. ஆறு படம் முடிந்துவிட்டது.

திரும்பும்போது ஒரு சைக்கிள்காரப் பையன் எங்கிருந்தோ முளைத்தான். முளைத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கணம் முன்பு அங்கே வெறும் நடைபாதை. அடுத்த கணம் அவன் என் கைப்பையைத் தட்டிக்கொண்டு விழப் பார்க்கிறான். "ஆன்ட்டி, மணி அடிச்சேனே" என்றான், பாவம், தமிழ்ப் பையன். மணி கேட்டது உண்மைதான். ஆனால் மணி கேட்டால் ஆள் தெரிய வேண்டாமா? வேகம் அப்படி. இந்த வண்டிகளுக்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவர வேண்டும்.

மாலையில் கீரை ஆய்ந்தேன். சலவை இயந்திரத்தில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இதெல்லாம் சமாளிக்க முடியாதவள் செய்கிற வேலையா?

ஜூலை 15, சனி

தாமரை வந்து பகல் முழுக்க இருந்தாள். வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள், பிறகு அடுப்பை, பிறகு என்னை. என் ரவிக்கையின் இடது கை உள்பக்கமாக மடிந்திருந்தது என்று சரிசெய்தாள். சின்ன வயதில் அவளுக்கு நான் செய்தது எத்தனை தடவை, நான் ஒன்றும் அதற்காக அவளை வீடு மாற்றவில்லை.

மேசைமேல் இந்த நாட்குறிப்பு திறந்து கிடந்தது. படிக்கவில்லை, பக்கத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஏன் பாதிப் பக்கத்திலிருந்தே எழுதத் தொடங்குகிறேன், இடப்பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறதே என்றாள். நான் எப்போதும் ஓரம் விட்டுத்தான் எழுதுவேன் என்றேன். இவ்வளவு ஓரமா என்றாள். ஆசிரியையின் மகள், ஓரத்தைப் பற்றிக் குறை சொல்கிறாள்.

சாப்பிடும்போது என் தட்டை ஏனோ பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 20, வியாழன்

இடது தோளில் நீலமாகக் கன்றியிருக்கிறது. இக்காலத்தில் கதவு நிலைகளைக் குறுகலாக வைக்கிறார்கள். (இந்த வீட்டுக்கு வந்து நாற்பது ஆண்டாகிறது என்பதை இதை எழுதிய பிறகு நினைத்துப் பார்த்தேன்.)

ஜூலை 25, செவ்வாய்

பத்தும் முடிந்தன. கடைசிப் படத்துக்காகப் பாலத்தின் நடுவிலேயே நின்றேன். சுற்றுலாக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் இடித்துக்கொண்டும் போனார்கள், மன்னிப்பு என்னிடம் எதிர்பார்த்தார்கள்.

சனிக்கிழமை குழுவில் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை தாமரைக்கு.

ஜூலை 29, சனி

இதை நடந்தபடியே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் நான் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறை. திரு. ஓங் ஒவ்வொருவர் படத்தையும் திரையில் போட்டார். என் பத்தும் வரிசையாக வந்தன. ஓங் அடுத்தவர் படத்துக்குப் போகாமல் என் முதல் படத்துக்கே திரும்பினார். நன்றாக இருந்தால் ஓங் உடனே சொல்லிவிடுவார், எனவே எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது.

பக்கிரிசாமி அண்ணன்தான் ஆரம்பித்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், பெரிய உடம்பு, குரல் அதைவிடப் பெரியது. என் படங்களைக் கேலி செய்யாவிட்டால் அவருக்கு மன்றத்துக் கோப்பி இறங்காது.

"டீச்சர், உங்க பாலம் அக்கரைக்குப் போய்ச் சேரவே இல்லையே. பாதியிலேயே காண்ட்ராக்டர் ஓடிட்டானா?"

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், முழுப் பாலமும் இருக்கிறது என்றேன். அவர் விடவில்லை. எழுந்து திரையை நோக்கி நடந்தார்.

"இங்க பாருங்க, இங்க. இந்த எடத்துலதானே மியூசியம் இருக்கணும்? ஒங்க படம் ஆத்து நடுவுலேயே முடிஞ்சு போச்சு லா."

குரல் கேட்டது. ஆள் இல்லை.

திரை இருக்கிறது, திரையில் பாலம் இருக்கிறது, அறையில் எல்லாரும் இருக்கிறார்கள். பக்கிரிசாமி மட்டும் இல்லை. அவர் அப்படி மறைந்துபோகக்கூடிய ஆள் அல்ல. வெளியே போய்விட்டாரா என்று வாசலைப் பார்த்தேன். அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். டீச்சர், டீச்சர். நான் அறையெல்லாம் தேடுகிறேன். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றுபோனது.

ஓங் என் பக்கத்தில் குனிந்து, தலையைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். இடப்பக்கம். இன்னும். இன்னும்.

முதலில் ஒரு கை வந்தது. பிறகு சட்டை. பிறகு முழுப் பக்கிரிசாமி, திரையின் இடது ஓரத்தில், காட்டிய விரலை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

தாமரையை இன்று வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 31, திங்கள்

பத்துப் படங்களையும் மேசைமேல் பரப்பினேன். இப்போது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் வலது பாதிதான். போட் கீயிலிருந்து எடுத்தவற்றில் ஃபுல்லர்டன் கரை மட்டும். ஆண்டர்சனிலிருந்து எடுத்தவற்றில் அருங்காட்சியகக் கரை மட்டும். ஒவ்வொரு படத்திலும் பாலம் ஆற்றின் நடுவில் வந்து அறுந்துபோகிறது. நான் முழுசாகப் பார்த்தேன். முழுசாகப் பார்த்ததாகச் சத்தியம் செய்வேன்.

எடுத்துக்காட்டாக, முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரிகிறது? கறுப்பாகவா, வெள்ளையாகவா? இரண்டுமில்லை. அங்கே எதுவும் குறைவதாகவே தோன்றாது. என் இடப்பக்கம் அப்படி ஆகியிருக்கிறது. மறைத்திருந்தால் திரையென்று தெரியும். இது திரையில்லாமல் மறைகிறது.

பஞ்சாயத்தை முடிக்க நான் திரட்டிய ஆதாரம் இப்போது எதிர்க்கட்சியின் கையில் கொடுக்கத்தான் லாயக்கு. கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. ஓங் சொல்ல மாட்டார். பக்கிரிசாமியும் சொல்ல மாட்டார்.

குறைந்த மதிப்பெண் தாளை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்டியதில்லை. தாளை எடுத்துவரச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே தவறு என்று காட்டச் சொல்வேன். காட்டத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தாமரையை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

வேலை முடிந்து நேராக வந்தாள். நான் எதுவும் சொல்லாமல் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் தனியாகப் போனதற்குக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது, என் பாலத்தைப் போல.

"ஏம்மா இதை எங்கிட்ட காட்டுறீங்க? இது ஒங்களுக்கே எதிரா இருக்கு."

"ஆதாரம் கேட்டியே."

மருத்துவமனையிலேயே சொன்னார்களாம். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. கண்ணில் பழுதில்லை, மூளைதான் இடப்பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டது என்று. நானும் தலையாட்டினேனாம். எனக்கு நினைவிருக்கிறது. எதிர்ப்படுக்கைக்காரரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவளே பரிமாறினாள். நான் சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கப் போனபோது, என் தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பினாள். பாதிச் சோறும், தொடாத வாழைக்காய்ப் பொரியலும், ஒரு முழு அப்பளமும் முளைத்தன. ஏப்ரலிலிருந்து அவள் வரும்போதெல்லாம் இப்படித்தான் திருப்புகிறாளாம். நான் மறுசோறு போடுகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு பேசினோம்.

போட் கீ படம் ஒன்றையும் ஆண்டர்சன் படம் ஒன்றையும் அவள் முன் வைத்தேன். "இதுல இல்லாத கரை அதுல இருக்கு. ஒரு எடத்துலேருந்து எனக்குத் தெரியாதது, அக்கரைக்குப் போய்ப் பார்த்தா தெரியுது. நான் கொஞ்சம் கூட நடக்கணும், அவ்வளவுதான்."

"நீங்க அக்கரைக்குப் போய்ப் பாத்துட்டு வர வரைக்கும் பஸ்ஸு நிக்குமாம்மா?"

அவள் என் மகள்தான்.

ஆகவே மறுதேர்வு கேட்டேன். எந்தப் பிள்ளைக்கும் நான் மறுதேர்வு மறுத்ததில்லை, இது அவளுக்குத் தெரியும். இதுவரை எனக்குக் குறை இருப்பதே தெரியாமல் போனேன். இனித் தெரிந்து போகிறேன். மருத்துவமனைப் பயிற்சிக்கு ஒழுங்காகப் போவேன். அதே பாலத்துக்கும் போவேன், தனியாக. மருத்துவர் பார்க்கும் நாள்வரை பொறுத்துக்கொள். அதற்குள் முழுப் பாலத்தையும் என்னால் பார்க்க முடியாவிட்டால், உன் பச்சை அறைக்கு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

"பிடிவாதம்" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

சுவரிலிருந்த நாள்காட்டியில் எதையோ எண்ணினாள். பிறகு, "சரி, போங்க" என்றாள். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

பயிற்சியாளர் நூர்ஹயாத்தி சின்னப் பெண். இரண்டு தடவை போய்விட்டு, குழந்தை விளையாட்டு என்று நான் நிறுத்திவிட்ட வகுப்பு இவளுடையதுதான். கடிகாரம் வரையச் சொன்னாள். வரைந்தேன். பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் வலது பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, காலைநேர ரயிலில் நிற்பதுபோல. முன்பும் இதே கடிகாரத்தை வரைந்து, சரியாக இருக்கிறது என்று அவளிடம் வாதாடியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். எல்லாரும் வாதாடுவார்கள், நீங்கள்தான் அதிக மதிப்பெண் கேட்டீர்கள் என்று சிரித்தாள்.

பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். எதைப் படிப்பதானாலும் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த பிறகே தொடங்க வேண்டும். கோடு தெரியவில்லையென்றால் நான் இன்னும் போதுமான அளவு திரும்பவில்லை என்று பொருள். தெருவில் கோடு கிடையாது. அங்கே தாடை இடது தோளைத் தொடும்வரை திரும்ப வேண்டும்.

இன்று நாளிதழைப் படித்தேன். வாக்கியங்களுக்குத் தலை இருக்கிறது. பிழைதிருத்துபவரிடமும் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பாலத்துக்குக் கிளம்பினேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை விழுந்தது. இடப்பக்கம் திரும்பினேன், வலப்பக்கம் பார்த்தேன், அதற்குள் இடப்பக்கத்தில் என்ன இருந்தது என்பதில் நம்பிக்கை போய்விட்டது. மறுபடி திரும்பினேன். சிவப்பு விழுந்துவிட்டது. அடுத்த பச்சையிலும் அப்படியே. கூட்டம் என்னைத் தாண்டிப் போய், புதுக்கூட்டம் வந்து, அதுவும் போயிற்று. மூன்றாவது பச்சையில் கடந்தேன். அங்கேயே ஒரு திட்டில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தெரியாமல் போனபோது பயமில்லை. தெரிந்து போவதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மறுபடி போனேன். இரண்டாவது பச்சையில் கடந்தேன்.

ஆகஸ்ட் 12, சனி

உணவங்காடியில் இடப்பக்கம் இருந்தவரின் கோப்பியைத் தட்டிவிட்டேன். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று சத்தம் போட்டார். வலப்பக்கம் வைத்திருக்கிறேன், இடப்பக்கத்துக்கு இப்போதுதான் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். முழித்தார். வேறு கோப்பி வாங்கிக் கொடுத்தேன். அதைச் சரியாக அவர் கையில் கொடுத்தேன் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

பாலத்தில் முன்னேற்றம். கேமராவைத் தூக்குவதற்கு முன் இடது கரையைக் கண்டுபிடிக்கிறேன். அங்கிருந்து மெல்ல வலப்பக்கம் வருகிறேன், வரியின் முதல் எழுத்திலிருந்து படிப்பதுபோல. பாதியில் தொடங்கினால் வாக்கியம் புரியாது, பாலமும் அப்படித்தான். ஆனால் கேமராவைக் கண்ணில் வைத்ததும் எல்லாம் மறந்து, பழையபடி வலப்பக்கம் வழுக்கிவிடுகிறது. எடுத்த படங்களில் பாதிக்குமேல் பழைய கதைதான்.

பக்கிரிசாமி அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். காண்ட்ராக்டர் திரும்ப வந்துவிட்டானா என்று கேட்டார். வேலை நடக்கிறது என்றேன். "சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க டீச்சர், நான் அக்கரைக்குப் போவணும்" என்றார். நெடுநாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 16, புதன்

வெண்கலச் சிறுவர்கள் ஐவர். யாரும் பழுதுபார்க்கப் போகவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

மழை. போகவில்லை. தாமரை வரவில்லை, அலுவலகத்தில் வேலை அதிகம் என்றாள். இந்த மாதம் முழுக்க அவளுக்கு வேலை அதிகம்தான். வந்தாலும் களைத்துப்போய் வருகிறாள். என்றைக்குப் போகிறேன் என்று கேட்பதோடு சரி, பாலம் எவ்வளவு தெரிந்தது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காமலிருப்பது அவளுடைய கோபம் என்று வைத்துக்கொண்டேன்.

இன்று நானே தட்டைத் திருப்பினேன். பாகற்காய் இருந்தது. திருப்பாமலே இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 26, சனி

வரும் செவ்வாய் மருத்துவர். ஆகவே இன்றுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் பச்சையில் கடந்தேன். பாலத்தையும் கடந்து, அருங்காட்சியகத்தைத் தாண்டி, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலை நிற்கும் இடத்துக்குப் போனேன். இந்த இடத்திலிருந்து நான் இதுவரை எடுத்ததில்லை. எனக்கு மிகவும் கடினமான இடம் இதுதான். வலப்பக்கம் ஆறும் உயரமான கட்டடங்களும் மின்னி மின்னி இழுக்கும். பாலத்தின் இந்தக் கரை முழுவதும் இடப்பக்கத்தில், மரங்களுக்கும் அருங்காட்சியகச் சுவருக்கும் அப்பால் இருக்கிறது. கேமரா வலப்பக்கம் வழுக்குவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அதனால்தான் வந்தேன்.

தாடையைத் தோளில் வைத்தேன். அங்கிருந்து தொடங்கினேன். சுவர். சுவரையடுத்து நடைபாதை. ஒரு மரம். மரத்தடியில் ஒரு பெண், தொலைபேசியைப் பார்ப்பதுபோல முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு. பிறகு பாலத்தின் வாசல் வளைவு. பிறகு சாய்ந்த இரும்பு, ஆற்றின் நடு, மறுபக்கத்து இரும்பு, அக்கரை வளைவு, ஃபுல்லர்டன். பாலம் கரையிலிருந்து கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆனால் நான் அழுத்தவில்லை. மறுபடி இடப்பக்கம் போனேன். சுவர், நடைபாதை, மரம், அந்தப் பெண்.

அந்த நீலச் சட்டையை நான்தான் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தேன்.

கேமராவைத் தூக்கினேன். இந்தத் தடவை அது வலப்பக்கம் வழுக்கவில்லை. அவளையும் பாலத்தையும் சேர்த்துப் படமெடுத்த பிறகுதான் அவளிடம் நடந்து போனேன். அவள் மரத்துக்குப் பின்னால் போகப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வயதாகிறது.

"என் எடப்பக்கத்துல ஒளிஞ்சா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"இத்தனை நாளா தெரியலையேம்மா" என்றாள் தாமரை.

அவள் "சரி, போங்க" என்று சொன்ன வாரத்திலிருந்தே வருகிறாளாம். நான் பாலத்துக்குக் கிளம்பும் நாளை, பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்துக்கொள்வாள். தோ பாயோ நிலையத்தில் காத்திருந்து, பக்கத்துப் பெட்டியில் ஏறி, இறங்கியதும் என் இடது கைப்பக்கமாகவே நடப்பாள். வலப்பக்கம் வந்தால்தானே மாட்டிக்கொள்வாள். விடுப்பெல்லாம் இதற்கே போயிற்று. அலுவலகத்தில் வேலை அதிகம் என்றது இதைத்தான்.

"அந்த மொத நாள், சிக்னல்ல நின்னுக்கிட்டே இருந்தீங்களே. பின்னாலதான் நின்னேன். ரெண்டாவது பச்சையில கையை நீட்டிட்டேன்மா. ஒங்க முழங்கை வரைக்கும் வந்துட்டேன்."

"பிடிச்சிருக்கலாமே."

"பிடிச்சிருந்தா நீங்க கடந்திருக்க மாட்டீங்க."

கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, கோபத்துக்கு வேண்டிய நியாயமும் இருந்தது, ஆனால் ஒரு மாதம் என் இடப்பக்க மறைவில் நடந்தே தேய்ந்த அவளுடைய செருப்பைப் பார்த்த பிறகு அது சரியாக வரவில்லை.

படத்தைக் காட்டினேன். தொலைபேசியைக் கவிழ்ந்து பார்க்கும் பெண்ணிலிருந்து அக்கரைவரை எல்லாம் இருந்தது.

"செவ்வாய்க்கெழமை டாக்டர் ஒத்துக்காட்டி?" என்றாள்.

"அவர் கடிகாரம் வரையச் சொல்வார். வரையறேன். அது எப்படி வந்தாலும், நான் என்ன பார்த்தேன்னு நீ சொல்லு. பார்த்தது ஒன்னைத்தானே."

"சொல்றேன்" என்றாள். பிறகு, "அந்த பச்சை ரூம்மா?"

"இஸ்திரி போடற ரூமா வெச்சுக்கோ. பச்சை கண்ணுக்கு நல்லது."

அவள் சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சேர்ந்து சாப்பிட்டுவிட்டு என்னை வீட்டில் கொண்டுவிடுவதாகச் சொன்னாள்.

"வேணாம். நீ ஒன் வீட்டுக்குப் போ."

"மழை வர மாதிரி இருக்கும்மா."

"கொடை இருக்கு. போ, தாமரை."

போக மாட்டாள் என்று நினைத்தேன். பாலத்தின் மேல் ஏறினாள். நடுவில் ஒரு தடவை திரும்பினாள், நான் கையை ஆட்டினேன், வரச் சொல்லி அல்ல. மறுகரையில் கூட்டத்துக்குள் கலக்கும்வரை பார்த்தேன். பிறகு என் வேலையைத் தொடர்ந்தேன். இன்னும் ஒன்பது இடங்கள் பாக்கி, எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டும்.

மாலையில் ரயிலேறினேன். தோ பாயோவில் இறங்கி, நடைமேடையில் ஒதுங்கி நின்று, தாடை தோளைத் தொடும்வரை இடப்பக்கம் திரும்பினேன். அடுத்த பெட்டியிலிருந்து இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். எல்லாரும் படியேறிப் போய் முடியும்வரை பார்த்தேன்.

அவள் இல்லை. வீட்டுக்கு நடந்தேன்.